புதுவனின் இருப்பிடம்: சிலப்பதிகார மதுரைக் காண்டத்தில் குடியிருப்புத் தேர்வு

ஆய்வுச் சுருக்கம்

பிறந்த ஊரை நீங்கிப் பெருநகரில் வாழப் புகுவோர் முதலில் எதிர்கொள்ளும் வினா, எங்கே தங்குவது என்பதாகும். சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டம் இவ்வினாவைத் தொடர்ந்து எழுப்புகிறது. புறஞ்சேரி இறுத்த காதை முதல் கொலைக்களக் காதை வரையிலான பகுதியில் கோவலனுக்குரிய இருப்பிடம் பற்றி மூவர் பேசுகின்றனர். அவன் ஒரு நாள் நகரைச் சுற்றி வருகிறான். முடிவில் இடைக்கால ஏற்பாடாக அமைந்த ஒரு மனையே அவனது கடைசி இருப்பிடமாகிறது. ஊழ், அரசனின் பிழை, கொல்லனின் வஞ்சம் ஆகியவற்றோடு நிறுத்தப்படும் கோவலன் கொலைக்கான காரணங்களுள் இருப்பிடத் தேர்வும் ஒன்றாகக் காப்பியத்தாலேயே அமைக்கப்பட்டிருப்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: சிலப்பதிகாரம், மதுரைக் காண்டம், குடிபெயர்வு, இருப்பிடம், அடைக்கலம், புறஞ்சிறை, ஆயர் மனை, புதுவன்.

முன்னுரை

சிலப்பதிகாரத்தின் 30 காதைகளுள் 13 காதைகள் மதுரைக் காண்டத்தில் அமைந்துள்ளன. அவற்றுள் வழக்குரை காதையும் கொலைக்களக் காதையும் ஆய்வாளர்களால் மிகுதியாகப் பேசப்பட்டவை. அவற்றுக்கு முன்னர் அமைந்த புறஞ்சேரி இறுத்த காதை, ஊர்காண் காதை, அடைக்கலக் காதை ஆகிய மூன்றும் பெரும்பாலும் நகர வருணனைக்காகவும் கிளைக்கதைகளுக்காகவுமே எடுத்தாளப்படுகின்றன. கதை ஓட்டத்தில் இவை ஒரு தேக்கம் என்று கருதுவாரும் உண்டு. ஆனால் இம்மூன்று காதைகளிலும் ஒரே செயல்தான் நிகழ்கிறது: புகாரிலிருந்து வந்த ஒரு வணிகக் குடும்பம் மதுரையில் தங்க இடம் தேடுகிறது. இவ்வாறு நோக்கும்போது தேக்கமாகத் தோன்றிய பகுதி, பின்னர் வரும் கொலையின் முற்பகுதியாகவே காட்சியளிக்கிறது.

நாணத்தில் எடுத்த முடிவு

மதுரைக்குச் செல்வது என்னும் முடிவு கனாத்திறம் உரைத்த காதையில் மிக விரைவாக எடுக்கப்படுகிறது. முன்னோர் ஈட்டிய பெரும்பொருளைத் தொலைத்துவிட்ட வறுமை தனக்கு நாணத்தைத் தருவதாகக் கோவலன் கூறுகிறான். கண்ணகி தன் சிலம்புகள் இருப்பதைச் சுட்டியதும், அவற்றையே முதலாகக் கொண்டு மதுரையில் இழந்த பொருளை மீட்கலாம் என்கிறான். வைகறைக்கு முன்னரே இருவரும் புறப்படுகின்றனர். பெற்றோரிடம் விடை பெறவில்லை. மதுரை வணிகர் எவருக்கும் அறிமுகம் பெற்றுக்கொள்ளவும் இல்லை. தொழில் எது, முதல் எது என்பவை தெளிவாகிவிட்டன. எங்கே, யாரிடம் தங்குவது என்பது மட்டும் பேசப்படவேயில்லை.

இந்த நாணம் இங்கேயே முடிந்துவிடும் ஓர் உணர்ச்சியன்று. மாசாத்துவான் மகன் என்பதே கோவலன் மதுரையில் காட்டக்கூடிய ஒரே அடையாளம். அப்பெயரைச் சொன்னால், அதனோடு சேர்ந்து பொருளிழந்த கதையையும் சொல்ல நேரும். பெயரைச் சொல்லாவிட்டால் அவனுக்கு நகரில் இடமில்லை. மதுரைக் காண்டத்தின் தொடக்கக் காதைகள் இந்த இக்கட்டின்மீது நகர்கின்றன.

புறஞ்சிறை: துறவோர்க்குரிய இடம்

வையையைக் கடக்கும் காட்சியிலேயே ஒரு தேர்வு நிகழ்கிறது. குதிரை முகமும் யானை முகமும் சிங்க முகமும் கொண்ட பெரும்படகுகள் இயங்கும் பெருந்துறையை விடுத்து, கவுந்தியடிகளோடு மரப்புணை ஒன்றில் ஏறி அவர்கள் தென்கரை சேர்கின்றனர். நகரத்தின் பொதுவாயிலில் பலரும் காண வந்திறங்கும் வணிகனாக அன்றி, ஒதுக்கமான துறை வழியே கோவலன் வருகிறான். கோட்டை மதிலின் கொடிகள் வாராதீர் எனக் கைகாட்டுவன போல அசைந்தன என்னும் புகழ்பெற்ற தற்குறிப்பேற்றம் இதன் பின்னரே வருகிறது. தீநிமித்தமாக மட்டுமே விளக்கப்படும் அக்கையசைவை, நகரம் அறிமுகமற்றவனுக்குத் தரும் முதல் மறுமொழியாகவும் கொள்ள இடமுண்டு.

அவர்கள் தங்கும் மதிற்புறப் பகுதி அறவோர் மட்டும் உறையும் இடமாகும். கவுந்திக்கு அது இயல்பான இருப்பிடம். அருக நெறியினரின் அறவுரை கேட்கும் விருப்பத்தோடு மதுரைக்கு வந்த துறவி அவர். கோவலனுக்கோ அது வழிப்போக்கில் கிடைத்த தங்கல். துறவோர் நடுவில் இல்லறத்தான் ஒருவன் சில நாள் இருக்கலாம், குடியிருக்க இயலாது. இதனைக் கோவலனும் அறிவான். அதனால்தான் மறுநாட் காலையில் தன் துயரத்தைக் கவுந்தியிடம் சொல்லிவிட்டு, நகரில் உள்ள வணிகர்க்குத் தன் நிலையை உணர்த்தி வரும்வரை கண்ணகியைக் காத்தருளுமாறு வேண்டுகிறான். ‘மன்னர் பின்னோர்’ என்று அவன் குறிப்பிடுவது வணிகரையே என்பது உரையாசிரியர் கொள்ளும் பொருள். ஆகவே ஊர்காண் காதைக்கு ஒரு தெளிவான நோக்கம் உண்டு.

வீடு தேடியவன் கண்ட ஊர்

இராமனும் நளனும் உற்ற துன்பங்களைச் சொல்லிக் கவுந்தி அவனைத் தேற்றி அனுப்புகிறார். காவற்காட்டையும் அகழியையும் கடந்து, வாயில் காக்கும் வாளேந்திய யவனர் ஐயுறாதபடி கோவலன் உள்ளே நுழைகிறான். காவலர் ஐயுறாமைக்காகக் கவனமாக நடக்க வேண்டிய நிலை, அவன் அந்நகருக்கு அயலான் என்பதை நுட்பமாக உணர்த்துகிறது. பின்னர் அவன் காணும் நகர் விரிகிறது. பருவந்தோறும் மாறும் இன்பங்களோடு பரத்தையர் வாழும் வீதிகள், ஆடல் மகளிரின் இருபெரு வீதி, அங்காடி வீதி, மணிகளின் குற்றமும் குணமும் அறிந்தோர் வாணிகம் செய்யும் இரத்தினக் கடைத்தெரு, நால்வகைப் பொன்னையும் தரம் பிரித்து விற்கும் பொற்கடை வீதி, நூலாலும் மயிராலும் பட்டாலும் நெய்த ஆடைகளின் அறுவை வீதி, கூல வீதி, நால்வகைத் தெருக்கள், சந்திகள், சதுக்கங்கள் எனக் கொடி நிழலில் அவன் திரிகிறான்.

இப்பகுதியை மதுரைக்காஞ்சியின் வழிவந்த நகர வருணனையாகக் காண்பது மரபு. அம்மரபின் பங்கு இதில் உண்டு என்பதில் ஐயமில்லை. ஆயினும் வருணனை எவர் கண்வழி நிகழ்கிறது என்பதையும் நோக்க வேண்டும். வணிகரிடம் தன் நிலையைச் சொல்லச் சென்றவன் ஒரு வணிகரையேனும் கண்டு பேசியதாகக் காதை கூறவில்லை. அவன் எவருடைய வாயிலிலும் நிற்கவில்லை. எவரிடமும் தந்தை பெயரைச் சொல்லவில்லை. பேரூரைக் கண்டு மகிழ்ச்சியுற்று மதிற்புறத்துக்குத் திரும்பினான் என்பதோடு காதை முடிகிறது. காதையின் பெயரே ஊர் காண்பதைத்தான் சொல்கிறது. ஊரில் இடம் பெறுவதைச் சொல்லவில்லை. தொடக்கத்தில் கூறப்பட்ட நோக்கத்துக்கும் முடிவில் எய்திய மகிழ்ச்சிக்கும் இடையிலான இந்த இடைவெளி கவிஞரின் மறதியாக இருக்க இயலாது. நாணத்தால் பேச இயலாதவன் காட்சியில் தன்னை மறந்தான் என்றே கொள்ள வேண்டியுள்ளது. அவன் கால்கள் முதலில் சென்ற வீதிகள் எவை என்பதும், காப்பியத்தில் அவற்றுக்குத் தரப்பட்ட அடிகளின் மிகுதியும் அவனது பழைய வாழ்வை நினைவூட்டுகின்றன.

இங்கு இரத்தினக் கடைத்தெரு தனியே குறிப்பிடத்தக்கது. மணியின் சிறு குற்றத்தையும் கண்டறியும் வணிகர் வாழும் தெருவை இளங்கோவடிகள் விரிவாகக் காட்டுகிறார். மாணிக்கப் பரல் கொண்ட ஒரு சிலம்பை விற்க வந்தவனுக்குப் பொருத்தமான இடம் அதுவே. அத்தெருவை அவன் கண்டுவிட்டான். எனினும் சிலம்போடு அவன் வரும் நாளில் அத்தெருவுக்குச் செல்லவில்லை; வழியில் எதிர்ப்பட்ட பொற்கொல்லனிடமே விலை கேட்கிறான். இடத்தைப் பார்த்திருப்பது வேறு, அவ்விடத்தாரோடு தொடர்பு பெற்றிருப்பது வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று காப்பியத்தில் இல்லை.

மாடலனும் கவுந்தியும் கூறிய அறிவுரை

அடைக்கலக் காதையில் குமரியாடித் திரும்பும் மாடலன் கோவலனைக் காண்கிறான். யானையின் பிடியிலிருந்து முதிய அந்தணனைக் காத்தமை, கணவனால் கைவிடப்பட்ட பார்ப்பனியின் துயர் தீர்த்தமை, பொய்ச்சான்று கூறிப் பூதத்தின் கையில் அகப்பட்டவனுக்காகத் தன்னுயிர் தர முன்வந்தமை ஆகிய மூன்றையும் அவன் எடுத்துரைக்கிறான். கோவலனின் பண்பை உயர்த்தவே இவை இடம்பெற்றன என்பர். இவற்றுக்கு வேறொரு பயனும் உண்டு. மதுரை எல்லைக்குள் கோவலன் யார் என்பதைத் தானறிந்த செய்திகளால் சான்றுரைக்கும் ஒரே மனிதன் மாடலன். அச்சான்று மதிலுக்கு வெளியே, துறவி ஒருவர் முன்னிலையில் மட்டுமே சொல்லப்படுகிறது. நகருக்குள் அதைச் சொல்ல எவரும் இல்லை.

இதன்பின் மாடலனும் கவுந்தியும் சேர்ந்து சொல்லும் அறிவுரை நடைமுறைத் தெளிவு மிக்கது. மதிற்புறம் அறநெறியாளர்க்கன்றிப் பிறர்க்குப் பொருந்தாது. அகநகரில் உள்ள வணிகர் உன் புகழ் கேட்டு உன்னை ஏற்பர். கதிரவன் மறைவதற்குள் மனைவியோடு மதுரைக்குள் செல்க என்பது அதன் சாரம். பெருநகரில் குடியேறுவோர்க்கு இன்றும் சொல்லப்படும் அறிவுரை இதுதான். வீட்டு உரிமையாளர் முதலில் கேட்பது யார் சொல்லி வந்தீர் என்பதையே. ஆனால் அறிவுரை கூறி முடிந்த அந்நேரத்தில், இயக்கிக்குப் பால்மடை தந்து திரும்பும் மாதரி அவ்வழியே வந்து கவுந்தியை வணங்குகிறாள். தேர்வு மாறுகிறது.

மாதரியின் மனை

கவுந்தி மாதரியைத் தேர்வதற்குரிய காரணங்களைக் காப்பியம் வெளிப்படையாகவே தருகிறது. ஆவைக் காத்து அதன் பயனைப் பிறர்க்கு அளிக்கும் ஆயர் வாழ்வில் கொடுமை இல்லை. மாதரி தீதற்றவள், முதியவள், இரக்கமுடையவள். இவை அனைத்தும் அறம்சார்ந்த அளவைகள். கொல்லாமையை உயிரெனக் கொண்ட அருகத் துறவி ஒருவர் ஒரு குடும்பத்துக்கு இடம் தேடினால் இவ்வாறுதான் தேடுவார். அத்தேர்வு பிழையானதும் அன்று. மாதரி மாட்டுக்கொட்டில் சூழ்ந்த தன் குடியிருப்பில் அவர்களை வைக்காமல், செம்மண் பூசிப் பந்தரிட்ட காவல் மிக்க சிறுமனையைத் தனியே தருகிறாள். மகள் ஐயையைத் துணையாக்குகிறாள். சாவக நோன்பிகள் பகலில் உண்பர் என்பதை உணர்ந்து சமையற் கலங்களும் காய்களும் அரிசியும் நெய்யும் பாலும் விரைந்து கொணரச் செய்கிறாள். வந்தவரின் சமய வழக்கத்தை அறிந்து நடக்கும் இத்தகைய விருந்தோம்பல் காப்பியத்தில் வேறெங்கும் இத்துணை நுணுக்கமாகச் சொல்லப்படவில்லை.

எனினும் கவுந்தியின் சொற்களிலேயே இரண்டு வரையறைகள் உள்ளன. முதலாவது காலம் பற்றியது. இவள் கணவனின் தந்தை பெயரைக் கேட்டால் இவ்வூர் வணிகர் பெறற்கரிய பொருள் கிடைத்ததுபோல எதிர்கொண்டு தம் மனையில் வைப்பர். அச்செல்வர் மனை புகும் அளவும் உன்னிடம் அடைக்கலம் தந்தேன் என்கிறார் அவர். அடைக்கலம் ஓர் இடைக்கால ஏற்பாடே. இரண்டாவது, அடைக்கலப் பொருள் யார் என்பது. நீராட்டுக, மைதீட்டுக, பூச்சூட்டுக, தூய உடை உடுத்துக, தாயும் தோழியுமாய்க் காக்க என்னும் கட்டளைகள் முழுவதும் கண்ணகியைப் பற்றியவை. கோவலன் அடைக்கலமாகக் குறிக்கப்படவில்லை. கண்ணகிக்கு ஒரு மனை கிடைத்தது. கோவலனுக்கு உறங்க ஓர் இடம் கிடைத்தது என்று வேறுபடுத்திக் கூறலாம். கவுந்தி உங்களைக் குற்றமற்ற இடத்தில் சேர்த்துவிட்டார், உன் கணவனுக்கு இனி வருத்தம் ஏது என்று மாதரி கண்ணகியைத் தேற்றுவது இப்பின்னணியில் கொடிய முரணாகிறது. அவள் சொல்வது மனைக்குள் உண்மை. மனைக்கு வெளியே அவள் சொல்லுக்கு ஆட்சி இல்லை.

இடம் மாறியவன் அவ்விடத்துக் குறிகளையும் அறியான் என்பதை இளங்கோவடிகள் ஒரே நிகழ்ச்சியில் காட்டிவிடுகிறார். சிலம்போடு கோவலன் புறப்படும்போது இமில் ஏறு ஒன்று எதிர்த்து வருகிறது. அது தீநிமித்தம் என்பதை அவன் அறியவில்லை. அவன் குலத்தார் அறியத்தக்க செய்தி அன்று அது என்று காப்பியமே காரணமும் கூறுகிறது. ஆயர் மகன் ஒருவன் அன்று வெளியே சென்றிருக்கமாட்டான். பால் உறையாமையையும் ஏற்றின் கண்ணீரையும் வெண்ணெய் உருகாமையையும் கண்டு ஆயர்பாடி அஞ்சிக் குரவை ஆடும்போது அவன் அங்கே இல்லை. கொலைச் செய்தியோ நகருள் எழுந்த ஆரவாரத்தைக் கேட்டு ஓடிவந்த ஒருத்தியின் வாயிலாகவே அங்கு வந்து சேர்கிறது.

புகாரில் புதியோர்

கோவலன் பிறந்த புகார், அயலாரை வேறு முறையில் ஏற்ற நகரம். இந்திர விழவூர் எடுத்த காதையின் மருவூர்ப்பாக்கத்தில் யவனர்க்குக் கண்ணைக் கவரும் இருக்கைகள் உண்டு. கலம் ஊர்ந்து வந்த வேற்று நாட்டு வணிகர் கடற்கரைப் பகுதியில் ஒருங்கு கலந்து இனிது உறைகின்றனர். வெள்ளிடை மன்றத்தில் புதிதாக வந்தோரின் பொதிகள் அவரவர் பெயர் பொறிக்கப்பட்டுக் காவலின்றிக் கிடக்கின்றன. புகாரின் புதியோர்க்கு அவர்கள் தங்கத் தனிப்பகுதி இருந்தது. அவர்கள் பொருளின்மேல் பெயரும் இருந்தது. மதுரைக் காண்டத்தில் யவனர் மதில் வாயிற் காவலராகத் தோன்றுகின்றனர். வந்தேறிய வணிகர்க்கெனத் தனியிடம் எதுவும் கோவலன் சுற்றிய வீதிகளில் சொல்லப்படவில்லை. அவன் கொண்டுவந்த பொருளில் பெயரும் பொறிக்கப்படவில்லை. அதன் உடைமையை உணர்த்தும் ஒரே சான்று உள்ளிருந்த பரல். அதைக் காணச் சிலம்பை உடைத்தே ஆகவேண்டும்.

இவ்வேறுபாட்டைச் சோழ, பாண்டியத் தலைநகரங்களின் வரலாற்று உண்மையாகக் கொள்வது மிகையாகும். துறைமுகத்துக்கும் உள்நாட்டுக் கோட்டை நகரத்துக்கும் இடையிலான இயல்பு வேறுபாடு இதில் இருக்கலாம். காப்பிய அமைப்பில் இதன் பயன் தெளிவானது: அயலார் அச்சமின்றி உறையும் நகரில் வளர்ந்தவன், தனக்கு அறிமுகம் தேவை என்பதையே உணராமல் மற்றொரு நகருக்குள் நடந்தான்.

புதுவன்

பொற்கொல்லன் கோவலனைத் தேர்ந்ததற்குரிய காரணத்தைக் காப்பியம் அவன் எண்ணமாகவே தருகிறது. தான் கவர்ந்த அரசியின் சிலம்பு பற்றிய செய்தி வெளிப்படுவதற்கு முன், புலம்பெயர்ந்து வந்த இப்புதுவனைக் காட்டித் தப்பலாம் என்று அவன் கருதுகிறான். சிலம்பின் ஒப்புமை அவனுக்கு வாய்ப்பைத் தந்தது. துணிவைத் தந்தது கோவலனின் அயன்மை. ‘புதுவன்’ என்னும் அச்சொல்லே கொலைக்களக் காதையின் திறவுகோல். கொல்லன் சொற்படி அவன் சிறுகுடிலின் அருகே தேவகோட்டம் ஒன்றின் சிறையகத்தில் கோவலன் காத்திருக்கிறான். மதிலுக்கு வெளியே புறஞ்சிறையில் தொடங்கிய தங்கல், மதிலுக்கு உள்ளே மற்றொரு சிறையகத்தில் முடிகிறது. இரண்டும் பிறர் சொல்லித் தங்கிய இடங்களே.

அரசன் ஆராயாது ஆணையிட்டபின் கோவலன் எந்த மனையில் தங்கியிருந்தாலும் கொலை நிகழ்ந்தே இருக்கும் என்று மறுக்கலாம். இம்மறுப்பு வலிமையானது; ஆனால் காப்பியம் அதற்கு இடம் விடவில்லை. கொலைக்கு வந்த காவலர் உடனே வாளை ஓங்கவில்லை. தோற்றத்தைக் கண்டு இவன் கொலைக்குரியவன் அல்லன் என்று ஒருவன் சொல்கிறான். கள்வரின் தந்திரங்களைக் கொல்லன் நெடுநேரம் விரித்துரைக்க வேண்டியிருக்கிறது. முடிவில் கல்லாத களிமகன் ஒருவனே வாளை எறிகிறான். அந்தத் தயக்கத்தின் நடுவே, இவன் இன்னார் மனையில் தங்கியுள்ள மாசாத்துவான் மகன் என்று சொல்ல ஒரு குரல் இருந்திருந்தால் கொல்லனின் பேச்சு எடுபட்டிருக்குமா என்னும் வினாவைக் காப்பியமே எழுப்புகிறது. மேலும், வணிகர் மனையில் விருந்தினனாக இருந்தவனைப் புதுவன் என்று கொல்லன் தேர்ந்திருக்கவும் மாட்டான்.

ஊழை முதன்மைப்படுத்தும் விளக்கமும் இதனோடு முரண்படவில்லை. கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கூறும் முற்பிறப்புக் கதையில், சங்கமன் என்னும் வணிகன் மனைவியோடு சிங்கபுரத்துக்கு வந்து, கரந்து உறைவாரைப் போல் வாழ்ந்து, அங்காடியில் அணிகலன் விற்கிறான். அரசனிடம் பணிபுரிந்த பரதன் அவனைப் பகைநாட்டு ஒற்றன் எனக் காட்டிக் கொல்விக்கிறான். அந்தப் பரதனே கோவலனாகப் பிறந்தான். வேற்றூர், மனைவி, அணிகலன், அறிமுகமின்மை, ஒருவனின் குற்றச்சாட்டு, ஆராயாத தண்டனை என ஒவ்வொன்றும் மீள்கிறது. ஊழ் தன் வேலையைச் செய்யத் தேர்ந்துகொண்ட வழியே, நகரில் இடமற்ற புதியவனின் நிலைதான்.

கோவலன் மதுரையில் சொல்லத் தயங்கிய பெயர் வழக்குரை காதையில்தான் அரசவையில் ஒலிக்கிறது. தன் ஊர் புகார் என்றும், தன் கணவன் மாசாத்து வாணிகன் மகன் என்றும், வாழ விரும்பியே இந்நகருக்குள் புகுந்தான் என்றும் கண்ணகி கூறுகிறாள். ஊர், குடி, தந்தை பெயர், வந்த நோக்கம் என ஒரு நகரில் இடம் கேட்போர் முதல் நாளில் சொல்ல வேண்டியவை அனைத்தும் அவள் கூற்றில் வரிசையாக அமைந்துள்ளன.

இடம் தந்தோரின் முடிவை வஞ்சிக் காண்டம் மறக்கவில்லை. நீர்ப்படைக் காதையில் மாடலன் செங்குட்டுவனிடம் அதனைக் கூறுகிறான். தன் குலத்தாரை விளித்து, அடைக்கலத்தை இழந்தேன் என்றும் குடையும் கோலும் பிழைத்தனவோ என்றும் சொல்லி, மாதரி நள்ளிருளில் தீயில் புகுந்தாள். செய்தியறிந்த கவுந்தி உண்ணா நோன்பில் உயிர் துறந்தார். அகநகர் வணிகர் எவரைப் பற்றியும் மாடலன் எதுவும் சொல்லவில்லை. மாசாத்துவான் மகன் தம் ஊருக்கு வந்திருந்ததை அவர்களிடம் எவரும் தெரிவிக்கவில்லை.